ஹீட்டர் ஹோஸும் ஒரு மணித்தியாலமும்

போன மாதம் தயாளன் போன் எடுத்தான். வெள்ளவத்தையில் சொந்தமாக கராஜ் வைத்திருக்கிறான். கொட்டாஞ்சேனையில் எங்கள் முஸ்லிம் முதலாளி ரசீக் நானாவின் கராஜில் என்னோடு பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். இப்போது தலையெல்லாம் நரைத்த முதலாளி.

"அண்ணே, ஒரு பழைய ஜப்பான் கார் வந்திருக்கு. ஹீட்டர் ஹோஸ் ரெண்டும் ஊதிப் போய்க் கிடக்கு. ரெண்டையும் கழட்டி எறிஞ்சிட்டு இஞ்சின் பக்கத்து வாய் ரெண்டையும் ஒரு துண்டால சேத்து விடவா? கொழும்பில ஆருக்கு அண்ணே ஹீட்டர்?"

"செய். ஆனா பழைய ஹோஸ முறுக்கிக் கழட்டாத. வெட்டி எடு" என்றேன்.

"ஏன் அண்ணே குரல் ஒரு மாதிரி?"

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முதுகு வலிக்கிறது, கண் மங்குகிறது, மற்றபடி சுகம். ஆனால் ஹீட்டர் ஹோஸ் என்று யாராவது சொன்னால் இன்னும் ஒரு சனிக்கிழமைதான் ஞாபகம் வருகிறது. தயாளன் நானாவிடம் வேலைக்கு வந்தது அந்தச் சம்பவத்துக்குப் பிறகு. நானும் நானாவும் ஒரு நாள் மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஓடிப் போய் வந்தோம் என்பது மட்டும் அவன் காதில் விழுந்திருக்கிறது. ஏன் ஓடினோம் என்பது விழவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். அவனும் வாசிக்கட்டும், இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களும் வாசிக்கட்டும்.

கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஹோஸ் தெரியாது. இஞ்சினைச் சுற்றி ஓடுகிற சுடுதண்ணீரில் ஒரு பங்கை இரண்டு ரப்பர் குழாய்கள் காருக்குள்ளே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகின்றன. உள்ளே, முன் சீட்டுக்காரரின் காலடிக்கு மேலே, டேஷ்போர்டுக்குப் பின்னால், சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ஹீட்டர். குளிர் நாட்டுக்காரனுக்கு அது உயிர். நமக்கு அது காரோடு சேர்ந்து கப்பலில் வந்த ஒரு வேண்டாத சாமான். டேஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்புக்கு இழுக்கிற ஒரு பிடி இருக்கும். கொழும்பில் அந்தப் பிடி பிறந்ததிலிருந்து நீலத்திலேயே நிற்கும். நீலத்தில் நிற்கும்போது வால்வு மூடிக்கொள்ளும், சுடுதண்ணீர் பெட்டிக்குள் பாயாது. ஆகவே யாரும் அந்த ஹோஸைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தில்தான் ரப்பர் செத்துப் போகும்.

நான் வேலை பழகிய கதையை நீட்டப் போவதில்லை. ஆமர் வீதிப் பக்கம் ஒரு லொறி கராஜில் நாலு வருடம் கிரீஸ் துடைத்தேன். அங்கே என் கண் முன்னால் ஒருவர் கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தார். அவருடைய முகமும் கழுத்தும் எப்படி ஆனது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அன்றிலிருந்து பெற்றோலுக்கு நான் பயந்ததில்லை, ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கும் பயந்ததில்லை. சுடுதண்ணீருக்குத்தான் பயம். பயந்தவன் கவனமாக இருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ரசீக் நானா. மாளிகாவத்தைக்காரர். கட்டையான உருவம், கண்ணாடிக்கு நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கராஜ்காரர் என்றால் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். நானா கத்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். நல்ல நாளில் என்னை "பெனி" என்று கூப்பிடுவார். ஏதாவது பிழை என்றால் "பெனடிக்ட்" என்பார். ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு மேசையில் கிடக்கிற ஸ்பானர்களைச் சின்னதிலிருந்து பெரிசாக அடுக்கிக்கொண்டு நிற்பார், பதில் வரும்வரைக்கும். அந்த அடுக்கலைப் பார்ப்பதை விட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றும். பெரிய ஆம்பிளைகள் நாங்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், அந்த மனிசனுக்கு நடுங்குவோம்.

ஹோஸ் வேலைக்கு நானா வைத்திருந்த முறை இது. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காலையில் முதல் வேலையாக, ஹோஸைப் பெருவிரலால் அமத்திப் பார்க்க வேண்டும். நடுவில் அல்ல, கிளிப்புக்கு ஒரு அங்குலம் இந்தப் பக்கம். அங்கேதான் முதலில் கெடும். அமத்தும்போது பஞ்சு மாதிரி உள்ளே போனால் உள்பக்கம் கரைந்துவிட்டது. மொறுமொறுவென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. வாய்ப்பக்கம் வெள்ளையாக அல்லது பச்சையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் அங்கே தண்ணீர் கசிந்து காய்ந்திருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் ஹோஸ் மாற்ற வேண்டும், கிளிப்பும் புதிது போட வேண்டும்.

கழற்றுவதுதான் கஷ்டம். வருடக்கணக்காக இறுகிக் கிடந்த ரப்பர், ஹீட்டர் பைப்போடு ஒட்டிப்போய் இருக்கும். அந்த பைப் மெல்லிய பித்தளை. அதன் வாயில் ஹோஸ் கழலாமல் பிடிக்க ஒரு சின்ன விளிம்பு இருக்கும். உள்ளே பெட்டியோடு ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். பிளையரால் பிடித்து முறுக்கினால் ரப்பர் கழலுமோ இல்லையோ, பித்தளை கழன்றுவிடும். ஆகவே நானா சொல்வது, ஒரு பிளேட்டால் ஹோஸை நீளப்பாட்டுக்குக் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி விரித்து எடு. கை போகவில்லை என்றால் கை போக வழி செய். எதைக் கழற்ற வேண்டுமோ கழற்று.

கடைசியாக ஒன்று. அதை நாங்கள் "அவியல்" என்போம். புது ஹோஸ் போட்டு, தண்ணீர் நிரப்பி, இஞ்சினை ஓடவிட்ட பிறகு, வேலை செய்தவன் முன்னால் இடது சீட்டில் ஏற வேண்டும், ஓட்டுவது இன்னொருவன். கண்ணாடி நாலும் மூட வேண்டும். பிடியைச் சிவப்புக்கு இழுத்து, காற்றாடியை முழு வேகத்தில் போட்டு, அரை மணித்தியாலம் ஓட வேண்டும். துறைமுகப் பக்கம் ஒரு சுற்று, முகத்துவாரம் வரை ஒரு சுற்று. கொழும்பு வெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு! சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பஸ்காரர்கள் எங்களை விசர் பிடித்தவர்கள் என்று பார்ப்பார்கள். இறங்கும்போது சட்டையைப் பிழியலாம்.

"கஸ்டமர்ட பொஞ்சாதி புள்ள ஒக்காற எடத்துல நீ மொதல்ல ஒக்காந்து பாரு" என்பார் நானா. அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, இங்கே வெளிநாட்டுச் சாமான் வராமல் போன காலத்தில், ஒருவர் கார் கொண்டுவந்தார். பொனட்டைத் திறந்தால் ஹீட்டர் ஹோஸ் இருக்க வேண்டிய இடத்தில் பூமரத்துக்குத் தண்ணீர் அடிக்கிற பச்சைக் குழாய். கம்பி வைத்துக் கட்டியிருந்தார். சூட்டில் அது இளகி பலூன் மாதிரி வீங்கியிருந்தது. "இதோட எவ்வளவு தூரம் ஓடினீங்க?" என்று கேட்டேன். "நீர்கொழும்புக்குப் போய் வந்தனான், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் பெருமையாக. நான் இரண்டு அடி பின்னால் போனேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வரலாம். குமரனின் காரைப் பழுது பார்த்தவன் அவர் அல்லவே.

குமரன் வெள்ளவத்தையில் இருந்தவர், முப்பது முப்பத்திரண்டு வயது. மனைவி நிரோஷா வங்கியில் வேலை. எட்டு மாதத்தில் ஒரு ஆண் குழந்தை. கார் நிரோஷாவின் தகப்பனுடையது, அவர் இறந்த பிறகு இவர்களிடம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை குமரன் அதைக் கொண்டுவந்தார்.

"அண்ணே, தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. நாளைக்கு விடிய நுவரெலியா போறம். ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

பார்த்தேன். ரேடியேட்டரில் பிழை இல்லை. பின்னால், இஞ்சினுக்கும் காருக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில், ஹீட்டர் ஹோஸ் இரண்டும் வாயில் பச்சைப் பொருக்குக் கட்டியிருந்தன. ஹோஸ் கடையில் அளவு கிடைத்தது. கிளிப் கிடைத்தது. பதினொன்றரைக்கு வேலையைத் தொடங்கினேன்.

நானா ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார்.

முதல் ஹோஸைக் கீறி எடுத்தேன், ஒழுங்காக. இரண்டாவது, வால்விலிருந்து உள்ளே போகிறது, ஏர் பில்டர் பெட்டிக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. பிளேட் பிடித்த கை அங்கே போகவில்லை. பெட்டியைக் கழற்ற வேண்டும். அதற்கு நாலு போல்ட். நாலும் துரு. ஒன்று உடைந்தால் அன்றைக்கு வேலை முடியாது. குமரன் வாசலில் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "முடியுதோ அண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரில் பிழை இல்லை. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கப் போக வேண்டுமாம்.

நீளமான பிளையரை எடுத்தேன். ஹோஸைப் பிடித்தேன். முறுக்கினேன்.

டக் என்று ஒரு சின்ன அதிர்வு பிளையர் வழியாக என் கைக்கு வந்தது. ஹோஸ் கழன்றது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். பைப்பின் வாய் பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதி ஒழுங்காக இருந்தது. தெரியாத பாதியை நான் தேடவில்லை. பழைய ஹோஸைக் கழிவு வாளியில் போட்டேன். புதியதை ஈரமாக்கி ஏற்றினேன். கிளிப்பை இறுக்கினேன். இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. பிடி நீலத்தில் நின்றது.

"ஹீட்டரப் போட்டு ஒரு ரவுண்ட் பாக்க வேணும், அரை மணித்தியாலம் எடுக்கும்" என்று குமரனிடம் சொன்னேன்.

"இந்த வெயிலுக்க ஹீட்டரோ?" அவர் சிரித்துவிட்டார். "தண்ணி ஒழுகேல்லத்தானே அண்ணே. அது போதும், விடுங்கோ."

நடு மத்தியானம். எனக்கும் அந்த அடுப்புக்குள் ஏற மனம் வரவில்லை. விட்டுவிட்டேன். சாவியைக் கொடுத்தேன்.

நானா வந்தபோது கார் போயிருந்தது. தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடியே கேட்டார்: "அந்தப் பழய கார் போயிட்டா? எல்லாம் பாத்தியா பெனி?"

"எல்லாம் பாத்திட்டன் நானா."

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். மனைவியிடம், பாதிரியாரிடம், பொலிஸ்காரனிடம். இந்த ஒன்றைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ஒரு வேனின் கீழே ரப்பர் துண்டு ஒன்று வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பழைய ஹோஸ்களை வெட்டித்தான் எடுப்போம். கழிவு வாளியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து பிளேட்டால் கீறினேன். பிளேட் ஏதோ ஒன்றில் முட்டியது. விரித்துப் பார்த்தேன்.

உள்ளே பித்தளைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது. நகத்தை வெட்டி எறிந்தது போல வளைந்து, பளபளவென்று. பைப்பின் விளிம்பு. பாதி விளிம்பு.

அதைப் பிரித்தெடுத்து உள்ளங்கையில் வைத்தேன். விளிம்பே கிழிந்து வந்திருக்கிறது என்றால் உள்ளே பற்றவைத்த இடம் என்ன பாடுபட்டிருக்கும்? நீலத்தில் நிற்கும்வரை தாங்கும். நுவரெலியாக் குளிரில் எவன் நீலத்தில் விடுவான்? அவர்கள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தப் பிடியைச் சிவப்புக்கு இழுக்கப் போகிறார்கள். இழுத்த உடனே, ஏற்றத்தில் கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீர் முழு வேகத்தோடு அந்தப் பெட்டிக்குள் பாயும். அந்தப் பெட்டி இருக்கிறது நிரோஷாவின் காலடியில். நிரோஷாவின் மடியில் குழந்தை. நீராவி எழும்பினால் முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும், குமரனுக்கு ரோட்டே தெரியாது. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பள்ளம்.

குமரனுக்குப் போன் எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். அடித்தது. மூன்றாம் தடவை, நாலாம் தடவை. கராஜுக்குப் பின்னாலுள்ள சந்துக்குப் போய் நின்று எடுத்தேன், நானாவின் காதில் விழக்கூடாது என்று.

இதைத்தான் நான் மறைக்காமல் எழுத வேண்டும். நானா பத்தடி தூரத்தில் இருந்தார். எனக்கு இல்லாத அறிவு அவருக்கு இருந்தது, எனக்கு இல்லாத ஆட்கள் அவருக்கு இருந்தார்கள். போய்ச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். நான் போகவில்லை. குமரன் போனை எடுத்துவிட்டால் போதும், ஹீட்டரைப் போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நானாவுக்குத் தெரியாமலே இது முடிந்துவிடும். அந்த எண்ணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேலைக்குத் திரும்பிப் போனேன், ஒரு நட்டை இறுக்கினேன், திரும்பச் சந்துக்கு வந்தேன். தேவமாதாவை மன்றாடினேன். பிறகு போன் அடிப்பதும் நின்றுவிட்டது. தொடர்பு இல்லை என்று மூன்று மொழியிலும் ஒரு பெண் சொன்னாள். அவர்கள் மலைக்குள் போய்விட்டார்கள்.

பத்து மணி. நான் நானாவின் மேசைக்குப் போய்ப் பித்தளைத் துண்டை வைத்தேன்.

நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். ஸ்பானர்களை அடுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"நேத்து கார்ட?"

"ஓம் நானா. முறுக்கிட்டன். ஹீட்டரும் போட்டுப் பாக்கல்ல. போன் எடுக்கிறாங்க இல்ல."

"எந்தப் பாதையால போறாங்க?"

"கினிகத்தேனையால எண்டு சொன்னார்."

அவர் உடனே போனை எடுத்தார். கினிகத்தேனைச் சந்தியில் டயர் கடை வைத்திருக்கும் சோமே, நானாவோடு இளவயதில் ஒன்றாக வேலை செய்தவர். நானா சிங்களத்தில் கதைத்தார். காரின் நிறம், நம்பர், சின்னக் குழந்தை இருக்கிறது, ரோட்டில் இறங்கி நின்று எப்படியாவது மறி, ஹீட்டரைப் போட வேண்டாம் என்று சொல். அந்தப் பக்கத்தில் சோமே ஏதோ சொன்னார். நானாவின் முகம் மாறியது.

"அந்தக் கார் போயிட்டாமே" என்றார் எனக்கு. பிறகு போனுக்குள், "சோமே, பஸ்ஸென் யன்ன!" பின்னாலேயே போ என்று. சோமே மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்.

நாங்கள் வேனில் ஏறினோம். நானா ஓட்டினார். நான் என் மடியிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அடிக்க வேண்டும் என்று வேண்டினேன், அடிக்கவே கூடாது என்றும் வேண்டினேன். எதிரே வந்த ஒவ்வொரு அம்புலன்ஸுக்குள்ளும் யார் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு வளைவில் ஆட்கள் கூடி நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானா வேனை மெதுவாக்கினார். ஒரு மாடு விழுந்திருந்தது. நானா அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

கித்துல்கலையைத் தாண்டும்போது போன் அடித்தது. நானா வேனை ஓரம் கட்டினார்.

சோமே. கார் கிடைத்துவிட்டது. ரோட்டோரக் கல்லில் முன் டயர் ஏறி நிற்கிறது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். நோனாவுக்கு, அதாவது நிரோஷாவுக்கு, கால் வெந்துவிட்டது. சோமேதான் முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்.

"புள்ள?" என்று கேட்டார் நானா. "பபாட்ட மொக்குத்?"

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நானா போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. நான் மறுபக்கம் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது, நல்ல குளிர். நிரோஷா கட்டிலில் சாய்ந்து இருந்தார். வலது கால் முழங்கால் வரை கட்டுப் போட்டிருந்தது. குழந்தை தாயின் தோளில் நித்திரை, புதுக் கம்பளிச் சட்டையோடு. குமரன் எங்களைக் கண்டதும் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைக்குக் குளிருதெண்டு நிரோ அதைச் சிவப்புக்கு இழுத்தவ அண்ணே. ரெண்டு நிமிசம் நல்லாத்தான் சூடு வந்தது. பிறகு கீழ ஏதோ வெடிச்ச மாதிரி. கண்ணாடி அப்பிடியே வெள்ளையாப் போச்சு. நான் ஒண்டும் காணேல்ல. இவ கத்துறா. பிள்ளையைத் தூக்கி மேல பிடிச்சவ, தன்ர காலை எடுக்க நேரம் இல்ல. நான் பிரேக்கை மிதிச்சன், ஏதோ முட்டிச்சுது, நிண்டிட்டுது. இறங்கிப் பாத்தால் அந்தக் கல்லுக்கு அங்கால ஒண்டும் இல்ல அண்ணே. வெறும் பள்ளம்."

நான் தலையை ஆட்டினேன்.

"பழைய கார்தானே, என்ன செய்யிறது" என்றார் குமரன். "போன் பையுக்க கிடந்தது, பிள்ளை படுக்குதெண்டு சத்தத்தை நிப்பாட்டி வச்சிட்டன். இப்பதான் உங்கட மிஸ்ட் கோல் எல்லாம் பாத்தனான். வேலை முடிஞ்ச பிறகும் யோசிச்சு யோசிச்சு எடுத்திருக்கிறீங்கள். கொழும்பில இருந்து ஓடியும் வந்திட்டீங்கள். ஆர் அண்ணே இப்ப இப்பிடிச் செய்யினம்?"

நானா என்னைப் பார்த்தார். "நான் தேத்தண்ணி எடுத்துட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தேத்தண்ணி எடுக்க அவருக்கு எங்கே கடை தெரியும்? என்னை அங்கே தனியாக விட்டார், அவ்வளவுதான்.

சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருந்தார்கள். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தால் இன்றைக்கும் அந்தக் குடும்பம் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இருக்கும். பயம் என்றால் அப்போதுதான் பயம். கொதிக்கிற ரேடியேட்டருக்கு முன்னால் கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

சொன்னேன். முறுக்கியதைச் சொன்னேன். போல்ட் கழற்றப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் விட்டதைச் சொன்னேன். ஹீட்டரைப் போட்டுப் பார்க்காததைச் சொன்னேன். குமரன் மெதுவாக என் கையை விட்டார். அவர் மனைவியின் கட்டிலில் போய் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்தார்.

நிரோஷாதான் கேட்டார். "பிழை இருக்கெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"இண்டைக்குக் காலம மிஸ். பழைய ஹோஸை வெட்டேக்கத்தான் கண்டனான்."

"எத்தினை மணிக்கு?"

"ஒன்பது மணிக்கு."

"அந்த டயர் கடை ஐயாவுக்கு எத்தினை மணிக்குச் சொன்னீங்கள்?"

"நான் சொல்லல்ல மிஸ். நானாதான் எடுத்தார். நானாட்ட நான் பத்து மணிக்குத்தான் சொன்னன்."

"ஏன்?"

"பயத்தில."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்பது மணியில இருந்து ஒன்பதே முக்கால் வரைக்கும் நாங்கள் அந்தச் சந்தியிலதான் நிண்டனாங்கள்" என்றார் நிரோஷா. "தேத்தண்ணி குடிச்சு, பிள்ளைக்குப் பால் குடுத்து, உடுப்பு மாத்தி. அந்த ஐயா தன்ர கடை வாசல்ல கதிரை போட்டு இருந்தவர். பிள்ளையைப் பாத்துக் கை காட்டிச் சிரிச்சவர்."

பிறகு, நான் நின்ற பக்கத்துத் தோளில் படுத்திருந்த குழந்தையை, நித்திரை குழம்பாமல் மெதுவாகத் தூக்கி, மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.